சோத்தாங்கைப் பக்கம்

களம்பூர் அத்தையோடு எங்கே நடந்தாலும் முதலில் ஒரு சின்ன நிறுத்தம் இருக்கும். தெருவில் இறங்கி நாலடி வைத்ததும் அவள் நின்று, என் தோளைப் பிடித்து, தனக்கு முன்னால் சுற்றிக் கொண்டுவந்து தன் வலப்பக்கம் விடுவாள். "சோத்தாங்கைப் பக்கம் வா கண்ணு." லாரி வரும் சாலை என்பதால் என்னை ஓரமாக விடுகிறாள் என்று நினைத்திருந்தேன். ஆனால் சாலையின் எதிர்ப்புறம் நடக்கும்போதும் அதே பக்கம்தான் வரச் சொல்வாள். அப்போது லாரிப் பக்கம் நான்தான் இருப்பேன். எட்டு வயதில் ஒருமுறை கேட்டேன். இடது காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். "இது மில்லு சத்தத்துல போயிட்ச்சி. அந்தப் பக்கம் இருந்து நீ பேசனா காத்துக்குத்தான் பேசனும்."

அவள் களம்பூரில் ஒரு அரிசி ஆலையின் களத்தில், அவித்த நெல்லைக் காலால் கிளறிக் காயவைக்கும் வேலை செய்தாள். ஆடியிலும் பொங்கலுக்குப் பிறகும் என வருடத்துக்கு இரண்டு முறை ஆரணியில் எங்கள் வீட்டுக்கு வருவாள். எந்த முறையில் அத்தை என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அம்மாவும் அவளும் சமையலறையில் தணிந்த குரலில் பேசுவார்கள். அத்தை என்னைக் கட்டிக்கொண்டதில்லை, முத்தமிட்டதில்லை. என் பாதத்தை மட்டும் உற்றுப் பார்ப்பாள். "கால் வளந்துட்ச்சே, செருப்பு பத்துதா?" என்பாள். சாயங்காலம் அவள் கிளம்பும்போது அம்மா என்னைக் கூப்பிடுவாள். "போ, அத்தைய பஸ் ஏத்திட்டு வா." ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்துபோய் அப்பா தறிக்குழியிலிருந்து கத்திக்கொண்டிருப்பார். என்னைத் தார் சுற்ற உட்கார வைக்காமல், பஸ் நிலையம் வரை அத்தையோடு அனுப்புவாள் அம்மா. ஒருமுறைகூட அவள் எங்களோடு வந்ததில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரு தடவையாவது தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்லி அழவைத்திருப்பார்கள். "உன்ன எங்க பெத்தோம்? ரெண்டு படி தவிடு குடுத்து வாங்கினு வந்தோம்" என்று அம்மாக்களே சொல்லிச் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அந்த வேடிக்கை கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் என்னைப் பார்த்து அதைச் சொல்ல, அம்மா கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள். "எம் பொண்ணுகிட்ட இந்தப் பேச்சு வச்சிக்காத." அந்த அக்காவோடு அம்மா ஒரு வருடம் பேசவில்லை. என்மேல் அவ்வளவு பிரியம் என்று நான் பெருமைப்பட்டேன்.

இப்போது எனக்கு முப்பது வயது. பிரசவத்துக்கு வந்தவள் ஐந்து மாதமாக அம்மா வீட்டிலேயே இருக்கிறேன். கணவருக்குச் செய்யாரில் ஷிப்ட் வேலை. வார விடுமுறைக்கு வந்து போகிறார். அப்பா இல்லை, எங்கள் தறியும் இல்லை. இரண்டு பக்கத்து வீடுகளிலும் தறி ஓடுகிறது. என் மகள் வலப்பக்கமாகத் திரும்பிப் படுத்துவிட்டால், குக்கர் விசில் அடித்தாலும் பாத்திரம் விழுந்தாலும் அசையமாட்டாள். மல்லாந்து படுத்திருந்தால் சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவாள். சாவிக்கொத்தை எடுத்து அவளுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஆட்டிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு இருபது தடவை ஆட்டினேன். திரும்பினாளா, தற்செயலா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சிரித்தாள். "தறி சத்தத்துலயே பொறந்த புள்ள, சாவிக்கா திரும்பும்? படிச்ச பொண்ணுன்னா இப்டித்தான் பேஜார் பண்ணிகினு இருக்கும்." அம்மா சிரிக்கவில்லை. சாவியை ஆட்டிய என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலூருக்குப் போனோம். குழந்தையைத் தூங்கவைத்து இயந்திரத்தில் சோதித்தார்கள். இடது காது கேட்கவில்லை, வலது காது நன்றாக இருக்கிறது என்றார் மருத்துவர். ஒரு காது நன்றாக இருந்தால் பேச்சு வந்துவிடும், பயப்படாதீர்கள் என்றவர், தாளை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டார். "குழந்தையோட அப்பா வழியில, அம்மா வழியில யாருக்காவது காது பிரச்சனை இருக்கா? உங்க அம்மா, அப்பா, கூடப் பிறந்தவங்க?" நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இருக்குதுங்க" என்றாள் அம்மா. "இவளப் பெத்தவளுக்கு இருக்குது."

மருத்துவர் நிமிர்ந்தார். "நீங்கதானே பாட்டி?"

"நான் வளத்தவங்க." அம்மா தன் இடது காதைத் தொட்டுக் காட்டினாள். அதே காது, அதே மாதிரி ஒற்றை விரலால். பெயர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மருத்துவர் நாகரிகமானவர். எதுவும் கேட்காமல் எழுதிக்கொண்டார். அந்த அம்மாவுக்குப் பிறவியிலிருந்தே கேட்காதா, பிறகு போனதா என்று விசாரித்து வாருங்கள், மற்றொரு காதைக் கவனிக்க உதவும் என்றார். நான் தலையாட்டினேன். மறுபடி எப்போது வர வேண்டும் என்றுகூடக் கேட்டேன். அந்த நேரத்தில் அதை எப்படிக் கேட்டேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே என்மேல் சந்தேகம் வருகிறது.

திரும்பும் பேருந்தில் கண்ணமங்கலம் தாண்டியதும் அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "அவளுக்கு ஏற்கெனவே ரெண்டு பசங்க. வயித்துல நீ. புருஷன் வுட்டுட்டுப் போயிட்டான். எனக்கு ஒண்ணும் நிக்கல. அவ்ளோதான்." முப்பது வருடத்தை ஐந்து வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அழுகையும் வரவில்லை. அம்மாவின் மடியில் குழந்தையின் தொப்பி நழுவியிருந்தது. அதைச் சரிசெய்தேன். அன்றிரவு கணவரிடம் தொலைபேசியில் சொன்னபோது "அதனால நமக்கு என்ன?" என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, விளங்காமல் சொன்னாரா, அதுவும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம் தொலைக்காட்சியில் ஒரு படம் ஓடியது. கல்யாணம் நிச்சயமான ஒரு பெண், தான் தத்துப்பிள்ளை என்று பீரோவில் கிடைக்கும் ஒரு தாளிலிருந்து தெரிந்துகொள்கிறாள். நாங்கள் துணி மடித்துக்கொண்டிருந்தோம். எந்தக் காட்சியில் சேனலை மாற்றினாலும் காரணம் தெரிந்துவிடும் என்பதால் இருவரும் ரிமோட்டைத் தொடவில்லை. அந்தப் பெண் ஒரு பக்கத்துக்கு வசனம் பேசினாள். வளர்த்தவள் காலில் விழுந்தாள். பெற்றவளைத் தேடிப் போனார்கள். கடைசியில் மூன்று பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

"ரெண்டரை மணி நேரத்துல எல்லாத்தையும் முடிச்சிட்டானுங்க" என்றாள் அம்மா. குழந்தையின் ஒரே சட்டையை மூன்றாவது தடவையாக மடித்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணு இவ்ளோ கேக்குது. நீ ஒண்ணும் கேக்கலியேடி."

"இன்னா கேக்கறதுன்னு தெரியலம்மா."

"எனக்கும் இன்னா சொல்றதுன்னு தெரியல." சட்டையைத் தட்டி வைத்தாள். "நாளைக்கி களம்பூர் போவலாம். டாக்டர் கேட்டதையாவது கேட்டுனு வருவோம்."

போனோம். எங்களைப் பார்த்ததும் அத்தைக்கு முகம் மலர்ந்தது. குழந்தையை வாங்கிக்கொண்டு பாதத்தைத்தான் முதலில் பார்த்தாள். அம்மா உட்காரக்கூட இல்லை. "புள்ளைக்கு இந்தக் காது கேக்கல. உனக்கு எப்பலேர்ந்துன்னு டாக்டர் கேக்கறாரு."

அத்தை என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாள். "சொல்லிட்டியா?"

"டாக்டர்கிட்ட பொய் சொல்லி, புள்ளைக்கு எதாவது ஆனா?"

அத்தை வெகுநேரம் குழந்தையின் இடது காது மடலைத் தடவிக்கொண்டிருந்தாள். "மில்லு சத்தம்னு ஊருக்குச் சொன்னேன். பொறந்ததுலேர்ந்தே கேக்காது. எங்கம்மாவுக்கும் இதே காதுதான்." அப்புறம் உடைந்துவிட்டாள். "ஒண்ணுமே குடுக்காத வந்தவ, இத்தத்தானா குடுக்கணும்?"

"மூக்கும் உன்னுதுதான். அதயும் சேத்து அழு" என்றாள் அம்மா. அத்தைக்கு அழுகையின் நடுவிலேயே சிரிப்பு வந்தது. அம்மாவும் சிரித்தாள். நான் மருத்துவமனை ஃபைலைத் திறந்து "பிறவியிலிருந்தே" என்று எழுதிக்கொண்டேன். ஏன் என்னைக் கொடுத்தீர்கள், பஸ்ஸுக்கு நடந்த அத்தனை தடவையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லையா என்று கேட்க நினைத்து வந்திருந்தேன். "டீ போடட்டா?" என்றாள் அத்தை. "சர்க்கரை கம்மியா, அத்தை" என்றேன். வேறு எப்படிக் கூப்பிடுவது?

கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரை வருகிறேன் என்று அவளும் செருப்பை மாட்டினாள். அம்மா பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். மூட்டுவலிக்காரி அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. வெயில் தாங்காமல் நடந்தாளா, வருடத்துக்கு இரண்டு முறை எங்களுக்கென்று விட்டுக்கொடுத்த அந்தத் தூரத்தை இன்றும் விட்டுக்கொடுத்தாளா? அன்றைக்கெல்லாம் தெரிந்துதான் செய்தாளா? அதை நான் அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்காமலே இருந்துவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது.

நாலடி வைத்ததும் அத்தை நின்றாள். என் தோளைத் தொட்டாள். "சோத்தாங்கைப் பக்கம் வா கண்ணு." சுற்றிப் போய் நின்றேன். குழந்தை என் வலது தோளில் சாய்ந்திருந்தது. கேட்கும் காது என் கழுத்தோடு ஒட்டியிருந்தது. அத்தை அதனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். குழந்தை அசையவில்லை. அத்தை பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

குழந்தையைத் தூக்கி இடது தோளுக்கு மாற்றினேன். இப்போது நல்ல காது அத்தையின் பக்கம் இருந்தது.

"இப்ப சொல்லுங்க" என்றேன்.