ஆண்டு முழுவதும் நடந்தவர்கள்

ஜெர்மனியின் எசன் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், மாதத்தில் ஒரு பிற்பகலை ஏதாவதொரு பழைய ஆண்டுக்கு ஒதுக்குவார்கள். போன இலையுதிர் காலத்தில் வந்தது ‘அமெரிக்கா 1956’. அப்போது பதின்ம வயதில் இருந்தவர்கள்தான் இன்று எங்கள் இரண்டாம் மாடியில் இருக்கிறார்கள். சுவரை அலங்கரிக்கும் பொறுப்பு எனக்கு.

நீளமான கார்கள், குடைபோல் விரிந்த பாவாடைகள், இடுப்பை ஆட்டிப் பாடும் இளைஞனைப் பார்த்துக் கதறும் பெண்கள் எல்லாவற்றையும் ஒட்டினேன். நடுவில், பழைய சஞ்சிகையொன்றிலிருந்து நகலெடுத்த ஒரு படம். கறுப்பினப் பெண்கள் வேலைக்கு நடந்து போகிறார்கள். பக்கத்தில் பேருந்து வெறுமையாகப் போகிறது. வெள்ளையருக்காக எழும்பி இடம்விட வேண்டிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஓராண்டுக்கு மேல் நடந்தவர்கள்.

எங்கள் பொறுப்பாளர் ஒரு ஜெர்மன் பெண். “அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். இன்று மகிழ்ச்சியான நாள்” என்றார்.

“இதுவும் அந்த ஆண்டில் நடந்ததுதான்” என்றேன்.

போர்க் காலத்தில் இலங்கையில், ஊர்ச் சோதனைச் சாவடிகளில் இராணுவத்தினர் எங்களைப் பேருந்திலிருந்து இறக்கி வெயிலில் நடக்கவிடுவார்கள். நாங்கள் நடந்தது அவர்கள் சொன்னதால். இந்தப் பெண்கள் நடந்தது தாங்களே முடிவெடுத்து. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

சமையலறையில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“உனக்கேன் பிள்ளை இந்த வேலை? கழட்டிப்போட்டுப் பேசாம இரு.”

“ஏலாது அக்கா. கழட்டமாட்டன்.”

“நாளைக்கு உன்னைத்தான் கூப்பிட்டுக் கேப்பினம்.”

“கேக்கட்டும். சொல்லுறன்.”

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து பார்த்தால் படம் குப்பைக் கூடையில் கிடந்தது. கசங்கலை நீவி, நாலு பக்கமும் டேப் ஒட்டித் திரும்பவும் மாட்டினேன். பொறுப்பாளர் வந்தார்.

“நான் சொன்னது விளங்கவில்லையா?”

“நன்றாக விளங்கியது. பேச வேண்டுமென்றால் நாளும் நேரமும் குறித்து ஒரு டெர்மின் வையுங்கள். இப்போது ஆட்களை அழைத்துவர வேண்டும்.”

அவர் போகும்வரை நான் சுவரைவிட்டு அசையவில்லை.

பாட்டு தொடங்கியது. முன்பு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த ஒருவர், தன் சக்கர நாற்காலியைப் படத்துக்குக் கிட்டத் தள்ளச் சொன்னார்.

“வென்றார்களா?”

“வென்றார்கள்.”

தலையாட்டிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கைதட்டிப் பாடினார்கள். யாருடைய மகிழ்ச்சியும் கெட்டுப்போகவில்லை.

டெர்மின் நாள் வந்தது. அலங்காரப் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். வருத்தம் தெரிவிக்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அந்தப் பதிலைச் சந்திப்புக் குறிப்பில் அப்படியே எழுதச் சொல்லி, வாசித்துப் பார்த்த பிறகுதான் கையொப்பம் போட்டேன்.