அப்பளத்தைப் பார்த்து எழுந்த பந்தி

எழுபதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம். கல்கத்தாவில் லேக் கார்டன்ஸ் பக்கம் என் சைவச் சாப்பாட்டுக் கடை நன்றாகக் காலூன்றிவிட்டிருந்த சமயம். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றுத் துணியோடு ரயில் ஏறி வந்து, அடுத்தவன் கடையில் இலை எடுத்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டவன். என் சாம்பாருக்காக பாலிகஞ்சிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்தார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்தது அதுதான். சரி, கொஞ்சம் பெருமையும் உண்டு.

படித்தவர்களிடம் உங்களுக்கு முன்மாதிரி யார் என்று கேட்டால் பெரிய தலைவர்களைச் சொல்வார்கள். எனக்கு முன்மாதிரி அலிப்பூரில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஒரு பெங்காலிக்காரர். என்னைவிட வயதில் சின்னவர். அந்த ஊர் வழக்கப்படி நான் அவரை தாதா, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவேன், அவரும் என்னை தாதா என்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கையைக் கூட்டிக்கொண்டு தோசை சாப்பிட வருவார். அப்பா இல்லாத குடும்பம். தாயும் தங்கையும் அவர் பொறுப்பு.

ஒருநாள் கடை மூடும் நேரத்தில் தனியாக வந்தார். தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்றார். முகத்தில் சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நவத்வீபத்துப் பக்கம், தீவிர வைஷ்ணவர்கள். மீன் தொட மாட்டார்கள். வெங்காயம், பூண்டு கிடையாது. அதோடு, மீன் சமைத்த பாத்திரத்தில் சமைத்ததையும் சாப்பிட மாட்டார்கள். கல்கத்தாவில் மீன் வாசனை ஏறாத பெரிய அண்டாவுக்கு அவர் எங்கே போவார்? எல்லாச் சமையல்காரரையும் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்திருந்தார்.

"தாதா, உங்க பாத்திரம்தான் என் தங்கச்சி கல்யாணத்தைக் காப்பாத்தணும்" என்றார்.

"பாத்திரம் மட்டுமா? சமையலும் நான், பரிமாறுவதும் நான். நீங்க பொண்ணு பக்கத்துல நில்லுங்க, போதும்" என்றேன்.

என்னென்ன சமைக்க வேண்டும் என்று சொன்னார். லூச்சி என்கிற மைதா பூரி, கத்தரிக்காய் வறுவல், தேங்காய்ப் பல் போட்ட கடலைப்பருப்பு, பன்னீர்க் குழம்பு, நெய்ப் புலாவ், தக்காளியும் பேரீச்சம்பழமும் போட்ட இனிப்புச் சட்னி, அப்பளம், தயிர், ரசகுல்லா. இதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பெங்காலிச் சமையலைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டிருந்தேன். என்ன சமைக்க வேண்டும் என்று அவர் சொன்னார். எப்படிப் பரிமாற வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பந்தி பரிமாறுவதை எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா என்ன?

கல்யாணம் அவர்கள் வீட்டிலேயே. மொட்டை மாடியில் ஷாமியானா கட்டி, பலகை மேசை போட்டு, காகிதம் விரித்து, வாழை இலை. முகூர்த்தம் அப்புறம்தான். அதற்கு முன்பே, பொழுது சாயும் வேளையில், மாப்பிள்ளையோடு வந்தவர்களுக்குப் பந்தி. நான் என் தலைமை சர்வரைக் கூப்பிட்டு, "ஆளு உக்காரும்போது இலையில பச்சை தெரியக்கூடாதுடே" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குப் போனேன். அவனும் நம்ம ஊர்ப் பையன்தான், கைதேர்ந்தவன். உப்பு, சட்னி, வறுவல், ஓரத்தில் ஒரு ரசகுல்லா, எல்லாவற்றுக்கும் மேலே பூப்போல ஓர் அப்பளம். நானே ஒரு தரம் எட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு நிறைவாக இருந்தது. திருநெல்வேலியில் சம்பந்தி வீட்டாருக்கு இதைவிட மரியாதை கிடையாது.

லூச்சி எண்ணெயில் உப்பி வருகிறது. சர்வர் ஓடி வந்தான்.

"அண்ணாச்சி, எல்லாரும் எந்திரிச்சு நிக்காவ! இலையைப் பாத்ததும் மூஞ்சி மாறிட்டு. ஒண்ணும் புரியல, வாங்க சீக்கிரம்."

கரண்டியும் கையுமாக மாடிக்கு ஓடினேன். மாப்பிள்ளையின் சித்தப்பா முன்னால் நிற்கிறார். மூக்கு வரை நாமம், கழுத்தில் துளசி மாலை, ஆகிருதியான ஆள். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அத்தனை பேரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு நிற்கிறார்கள். யாரோ ஒரு குறும்புக்காரர் அங்கிருந்து குரல் கொடுத்தார்.

"சட்னியும் அப்பளமும் வந்தாச்சு! பீடாவையும் கையில கொடுத்துடுங்கய்யா, இப்பவே கிளம்பினா டிராமைப் பிடிச்சிடலாம்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெங்காலிப் பந்தியில் இனிப்புச் சட்னியும் அப்பளமும் வந்தால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு தயிர், இனிப்பு, அவ்வளவுதான், எழுந்து கை கழுவ வேண்டியது. நான் அவர்கள் உட்காருவதற்கு முன்பே முடிவை எடுத்து இலையில் வைத்திருக்கிறேன். வந்த சம்பந்திகளைப் பார்த்து, 'போய்ட்டு வாங்க' என்று சொன்ன மாதிரி.

சித்தப்பா சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "தகப்பன் இல்லாத வீடுதானே, பரவாயில்லை, பொண்ணு நல்ல பொண்ணுன்னு வந்தோம். வாசல்ல கால் வெச்சதுமே கிளம்பச் சொல்ற வீட்டுல நாங்க எப்படிக் கை நனைக்கறது?" என்றார்.

கீழே பெண் அலங்காரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். இவர்கள் கை நனைக்காமல் படி இறங்கினால் மாப்பிள்ளையும் கூடவே போய்விடுவார். முகூர்த்தம் தவறிப்போன பெண் என்று அந்தக் காலத்தில் ஊர் என்ன பேசும் என்பது எல்லோருக்கும் தெரியும். என் கடையின் பெயரும் அன்றோடு போயிற்று. 'இவன்தான் போட்டான்' என்று சர்வரைக் காட்ட வார்த்தை நுனி நாக்கு வரை வந்துவிட்டது.

அதற்குள் பெண்ணின் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. நான் வாயைத் திறக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, சித்தப்பாவுக்கு முன்னால் போய்க் கைகூப்பி நின்றார். பெங்காலியில் காக்கா என்றால் சித்தப்பா.

"காக்காபாபு, இது என் வீட்டுப் பந்தி. இப்படிப் போடச் சொன்னது நான். உங்ககிட்ட முன்னாடியே சொல்லாம விட்டதும் நான். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க. ஆனா அதுக்கு முன்னாடி, நான் பட்ட கேவலத்தைக் கொஞ்சம் கேளுங்க."

எல்லோரும் பார்க்கிறார்கள்.

"இவர் கடை திறந்த அன்னிக்கு என்னை விருந்துக்குக் கூப்பிட்டார். போனேன். இலையில இதே மாதிரி அப்பளம், இனிப்பு. சரி, மதராஸிக்காரங்க சாப்பாடு இவ்வளவுதான் போலன்னு நினைச்சேன். அப்பளத்தைக் கடிச்சேன், இனிப்பை முழுங்கினேன், கை கழுவினேன், வீட்டுக்கு வந்துட்டேன். எங்க அம்மா கேட்டாங்க, விருந்து எப்படின்னு. இப்பத்தான் தெரியுது மதராஸிக்காரங்க ஏன் இவ்வளவு ஒல்லியா இருக்காங்கன்னு, அப்படின்னேன்."

பின்னால் ஒருவர் களுக்கென்று சிரித்தார்.

"மறுநாள் இவர் வந்து, ஏன் தாதா சோறு வர்றதுக்குள்ள ஓடிப் போயிட்டீங்கன்னு கேக்கறார்! அவங்க ஊர்ல காலி இலைக்கு முன்னாடி ஒருத்தரை உக்கார வெச்சாத்தான் அவமரியாதையாம். இலை நிறைஞ்சிருந்தா, நீங்க எங்களுக்கு ரொம்ப வேண்டியவங்கன்னு அர்த்தமாம். என் தங்கச்சி வாழப்போற வீட்டுக்காரங்க ரொம்ப வேண்டியவங்கதானே? அதான் அப்படியே போடச் சொன்னேன்."

சித்தப்பா அவரையே உற்றுப் பார்த்தார். மீசை லேசாகத் துடித்தது.

"அப்போ அன்னிக்கு மத்தியானம் முழுக்கப் பட்டினியா?"

"சுத்தப் பட்டினி, காக்காபாபு."

அந்த மனிதருக்கு வந்த சிரிப்பில் ஷாமியானாவே ஆடியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் உன்னை மாதிரி முட்டாள் இல்லப்பா. கொண்டாங்க லூச்சியை. இந்த அப்பளம் இங்கேயே இருக்கட்டும், கடைசி வரைக்கும் தொட மாட்டேன்" என்று அதை இலையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். அவர் உட்கார்ந்ததும் மாடியே உட்கார்ந்தது.

அன்றைக்கு நான் போட்ட லூச்சி மாதிரி அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை. ஒன்றுகூட உப்பாமல் இறங்கவில்லை. சித்தப்பா புலாவை மறுபடி மறுபடி வாங்கினார். கடைசியில் தயிருக்கு முன்பு, அடையாளமாக அந்த அப்பளத்தைத் தலைக்கு மேலே தூக்கி எல்லோருக்கும் காட்டிவிட்டு நொறுக்கித் தின்றார்.

பந்தி முடிந்து, சமையலுக்குத் தார்ப்பாய் கட்டியிருந்த இடத்துக்கு அண்ணன்காரர் வந்தார். தார்ப்பாய்க்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேர்தான். செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

நான் கேட்டேன். "தாதா, கடை திறந்த அன்னிக்கு நீங்க பாதியில எழுந்தே போகலையே? ரசத்தைத் திரும்பத் திரும்ப வாங்கிக் குடிச்சீங்களே!"

"மெதுவா பேசுங்க!" என்று சுற்றும் முற்றும் பார்த்தார். "சிரிச்சாங்க இல்ல? சாப்பிட்டாங்க இல்ல? அது போதும்."

அதற்குப் பிறகுதான் பிடித்தார் ஒரு பிடி. "எல்லாம் தெரியும்னு ஒரு நினைப்பு உங்களுக்கு. எப்படிப் பரிமாறணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? என் தங்கச்சி வாழ்க்கை தாதா அது! என் உயிரே போயிடுச்சு!" என் கடையில் என்னை அப்படி யாராவது பேசியிருந்தால் நடந்திருப்பதே வேறு. அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். ஏனென்றால் அதைக் கேட்டது என் காது மட்டும்தான். மாடியில் அத்தனை பேர் முன்னால் முட்டாள் பட்டத்தை அவர் தன் தலையில் வாங்கிக்கொண்டார். எனக்குச் சேர வேண்டிய திட்டை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து தார்ப்பாய்க்குப் பின்னால் கொடுத்தார். பெண் வீட்டுக்காரன் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பழியை யார் மேலாவது தள்ளிவிடத்தான் பார்ப்பான். அவர் தள்ளவில்லை. அவருக்கு அன்றைக்கு இருந்த நெஞ்சுரம் பெரிய பெரிய முதலாளிகளிடம்கூட நான் பார்த்ததில்லை.

முகூர்த்தம் குறித்த நேரத்தில் நடந்தது. சங்கு ஊதும் சத்தமும், பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிடும் சத்தமும் கேட்டபோது நான் அண்டா கழுவிக்கொண்டிருந்தேன். என் சர்வர், "நம்மளத்தான் காட்டிக் கொடுப்பாவன்னு பயந்துட்டேன் அண்ணாச்சி" என்றான். அண்ணன்காரர் எங்களைக் காட்டிக்கொடுத்திருப்பார் என்று சொல்கிறான் என நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவன் பயந்தது என்னைப் பார்த்து, நான் அவனைக் காட்டிக்கொடுத்துவிடுவேனோ என்று.

அதற்குப் பிறகு கல்கத்தாவில் நான் செய்த கல்யாணங்களுக்குக் கணக்கில்லை. சால்ட் லேக்கில் புதிதாக வீடு கட்டியவர்கள்கூட கிரகப்பிரவேசத்துக்கு என்னைத்தான் தேடி வந்தார்கள். ஒரு வீட்டில் புலாவ் அடிப்பிடித்தது, ஒரு வீட்டில் பெரிய அதிகாரியின் வேட்டியில் சாம்பார் கொட்டியது. ஒவ்வொரு தரமும் நானே முன்னால் போய், "என் தப்பு" என்று கைகூப்பினேன். ஆட்களைத் திட்டுவேன், நன்றாகவே திட்டுவேன், ஆனால் அடுப்பங்கரையில், கதவைச் சாத்திக்கொண்டு. என்னிடம் சேர்ந்தவன் அடுத்த கடைக்குப் போனது கிடையாது என்றால் அதற்குக் காரணம் சம்பளம் மட்டும் இல்லை.

கடைகள் வைத்தேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன், அதெல்லாம் உழைக்கிறவன் எவனும் செய்யக்கூடியதுதான். ஆனால் என்னிடம் வேலை பார்த்த ஒருவன்கூட வெளியாள் முன்னால் என்னால் தலைகுனிந்து நின்றதில்லை என்று இந்த வயதில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடிகிறதே, அந்தப் பெருமையை எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தவர் அந்தக் குமாஸ்தாதான்.