பூக்கை

வார்டில் அவளுக்குப் பூக்கை என்று பெயர். மூக்குக்குள் பஞ்சுக்குச்சி விட்டுப் பரிசோதனைக்குச் சளி எடுப்பதுதான் அந்தக் காய்ச்சல் சீசன் முழுக்க அவள் வேலை. மற்ற நர்ஸ்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நோயாளிகள், அவள் வந்தால் தாமாகவே தலையைச் சாய்ப்பார்கள். பெரிய டாக்டரின் மாமியாரே அவள்தான் வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறாள். கால் கடுக்க நின்று, முகமூடிக்குள் வெந்து, இடுப்பொடியும் வேலையில் அவளுக்குக் கிடைத்த ஒரே பெருமை அது. யார்தான் விடுவார்கள்?

அவளுடைய அண்ணன் காய்ச்சலும் மூச்சிரைப்புமாக வந்து சேர்ந்தபோதும் அவளே எடுத்தாள். வைரஸ் இல்லை என்று முடிவு வந்தது. அவனுக்கு ஏற்கெனவே பலவீனமான இதயம். அதன் வேலைதான் இது என்று டாக்டர் நீர் பிரிய மருந்து கொடுத்துப் பொது ஹாலில் படுக்க வைத்தார். மூச்சு அடங்கவில்லை. மறுநாள் ஆக்சிஜனைக் கூட்டினார்கள். அண்ணி வராந்தாவில் உட்கார்ந்து, நாத்தனார் இங்கேதான் வேலை பார்க்கிறாள், ஒன்றும் ஆகாது என்று போனில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டே இவள் வராந்தாவைக் கடந்தாள்.

முடிவு தப்பு, சோதனை மெஷினில்தான் கோளாறு என்று சண்டை பிடிக்கவே லேபுக்குப் போனாள். லேப்காரர் நிமிர்ந்து பார்க்காமல் பேசினார். வைரஸைத் தேடும்போதே குச்சியில் மனித செல் இருக்கிறதா என்றும் மெஷின் பார்க்குமாம். அது குறைந்தால் வைரஸ் இருந்தாலும் பிடிபடாதாம்.

"மெஷின் பொய் சொல்லலக்கா. உங்க குச்சியில ஒட்டுறதே கொஞ்சம். மூக்கு வாசலோட திரும்பி வந்துடுது. இது இன்னைக்கு நேத்து இல்ல."

முன்னாடியே சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்டாள். எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் ஆளிடம் எப்படிச் சொல்வது என்றார். கோபப்படத் தெம்பில்லை. அவளுக்கே தெரிந்ததுதானே? எதிரே ஒரு முகம் சுளித்தால் போதும், அவள் கை அங்கேயே நின்றுவிடும். அதற்குத்தான் இத்தனை நாளும் நல்ல பெயர்.

மறுபடி எடுக்க வேறு நர்ஸை அனுப்பினாள். அண்ணன் விடவில்லை.

"நீயே எடும்மா. நீ எடுத்தா வலிக்காது."

இந்த முறை குச்சி தடுக்கும்வரை நேராக உள்ளே விட்டாள். சுழற்றினாள். அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். கண்ணீர் காதுவரை வழிந்தது. அவள் குச்சியை வெளியே எடுக்கவில்லை, போதுமான நேரம் அப்படியே வைத்திருந்தாள். சாயங்காலமே ஃப்ளூ என்று வந்துவிட்டது. மாத்திரை தொடங்கி, தனி அறைக்கு மாற்றினார்கள். தாமதம்தான், ஆனாலும் தேறிவிடுவான் என்றார் டாக்டர். அண்ணி அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்குக் கூசியது.

வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனால் அந்த ஹாலில் அண்ணன் மட்டுமா படுத்திருந்தான்? ஒன்றுமில்லை என்று அவள் குச்சி சொன்னதை நம்பித்தானே அத்தனை பேரும் அடுத்தடுத்த கட்டிலில் கிடக்கிறார்கள்? தலைமை நர்ஸிடம் போய் மறைக்காமல் சொன்னாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புதுக் குச்சிப் பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தார்.

முதல் கட்டிலில் ஒரு தையல்காரர், நெஞ்சு குலுங்க இருமிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

"அப்பாடா, நீங்களா? வேற யாராச்சும் வந்துடுவாங்களோன்னு பயந்துட்டேன்."

கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை அவளிடம் நிமிர்த்திக் கொடுத்தார்.