தடித்த எண்ணெய்

யோகா கதை கட்டுகிறவள் அல்ல. தாதி வேலை பார்ப்பவள். கண்ணால் கண்டதை மட்டுமே சொல்வாள். போன யூலையில், இங்கே நடுக் குளிர்காலத்தில், அவளுக்கு நடந்ததை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

பனிமலைக்குப் போக முன்னர், காருக்குக் குளிரில் இறுகாத சிந்தெட்டிக் எண்ணெய் மாற்றச் சொல்லிப் புருசன் சிறியிடம் கெஞ்சாத குறை. சிறி யாழ்ப்பாண வெயிலில் வாடகை வான் ஓடியவன். "எஞ்சினுக்குத் தடிச்ச எண்ணெய்தான் நல்லம். எனக்கே படிப்பிக்கிறியோ?" என்று தன் கையாலேயே அதை ஊற்றினான். அந்த வாய்க்கு முன்னால் யார் நிற்பது! வேலை இருக்கிறது என்று தான் ஸ்பிரிங்வேலில் இருக்கும் வீட்டில் நின்றுகொண்டு, அவளையும் மகள் மயூராவையும் அனுப்பிவைத்தான்.

மலையில் இரண்டாம் நாள் காலை, ஆறு நாற்பது. மயூராவுக்கு ஆஸ்துமா முட்டு இழுத்தது. மூச்சுக்கு அடிக்கும் பம்ப் தீர்ந்துவிட்டது. போனில் சிக்னல் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கார் பார்க்குக்கு ஓடிவந்து காரில் ஏற்றி, சாவியைத் திருப்பினாள்.

க்ர்ர்... க்ர்...

எஞ்சின் அசையவில்லை. குளிரில் எண்ணெய் காய்ச்சிய சீனிப் பாணிபோல இறுகிக் கிடந்தது. மயூராவின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. யோகா சிறியை வாயில் வந்தபடி திட்டினாள்.

டொக்... டொக்...

கண்ணாடிக்கு வெளியே ஒரு மனிதர். அந்தக் குளிரில் வெறும் சட்டையோடு.

"தடிச்ச எண்ணெய், தங்கச்சி. சிந்தெட்டிக் எண்டால் இந்தக் குளிரிலயும் ஓடும்."

தமிழ்! அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவள் எஞ்சினை மூடும் பொனற்றைத் திறந்துவிடவில்லை. ஆனால் அது திறந்திருந்தது...

அவர் எஞ்சின் மேல் கையை வைத்தார்.

உஸ்ஸ்ஸ்...

"இப்ப திருப்புங்கோ."

ஸ்டார்ட் ஆனது.

அவர் குனிந்து கேட்டார்.

"சிறி இப்பவும் இதைத்தான் ஊத்துறானோ?"

திடுக்கிட்டுப் பார்த்தாள். யாருமில்லை. பனியில் அவளுடைய காலடிகள் மட்டும்...

மலையடி ஆஸ்பத்திரியில் மயூரா பிழைத்தாள். யோகா சிறிக்குப் போன் எடுத்து, வெறும் சட்டையோடு வந்து ஒருவர் உதவினார் என்றாள்.

"சாம்பல் சட்டையோ?"

நிறத்தை அவள் சொல்லவேயில்லை. அந்த மனிதர் இவன் பேரைச் சொன்னதையும் சொல்லி நெருக்கிக் கேட்ட பிறகுதான் வாய் திறந்தான். அவனோடு வேலை செய்த ஜெயரட்ணம், முந்தின குளிர்காலம், அதே கார் பார்க்கில், ஸ்டார்ட் ஆகாத காருக்குள் சாம்பல் சட்டையோடு விறைத்துச் செத்துப்போனார். பற்றரி பிழை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் சிறி. அந்தக் காருக்கு எண்ணெய் ஊற்றியவனும் சிறிதான். இப்போது வேறு எண்ணெய் ஊற்றினால் அன்றைய பிழையை ஒத்துக்கொண்டதாகிவிடுமாம்... அதற்காகப் பெற்ற பிள்ளை போகும் காருக்கும் அதையே ஊற்றியிருக்கிறான்.

மயூராவுக்கு இப்போது எப்படி என்று அவன் கேட்கவில்லை.

"ஜெயரட்ணம் என்னைப் பற்றி வேற ஏதும் சொன்னவனோ?" என்றுதான் கேட்டான்.