ஊறுகாய் பாட்டில் தண்ணீர்

போன வாரம் மனைவி ஒரு காலி ஊறுகாய் பாட்டிலைக் கழுவி, அதில் குடிதண்ணீர் பிடிக்கப் போனாள். "அய்யோ, அதுல வேணாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பாட்டிலை வாங்கி மோந்தேன். எத்தனை கழுவினாலும் போகாத மாங்காய் நெடி. சிரிக்காதீர்கள், ஒரு காலத்தில் என் மானத்தை வாங்கிய நெடி அது.

எண்பதுகளின் தொடக்கம். கல்லூரியில் பேச்சுப்போட்டி. உலகுக்குத் தேவை தொழில் வளர்ச்சியா, சுற்றுச்சூழலா என்று தலைப்பு. உலகம் கிடக்கட்டும், எனக்கு எங்கள் வீட்டுக் கிணறுதான் பெரிது. ஆம்பூரைத் தாண்டிப் பாலாற்றங்கரையில் எங்கள் வீடு. பக்கத்தில் தோல் கம்பெனி வந்த பிறகு கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. அம்மா குடத்தோடு ஒன்றரை மைல் நடந்தாள். தெருக்குழாய் கேட்டால் பஞ்சாயத்தில், "இந்தப் பக்கம் எப்பவுமே உப்புதாம்பா" என்று அனுப்பிவிடுவார்கள்.

மேடையில் முழங்கித் தள்ளினேன். கடைசியில், கையோடு கொண்டுபோன பாட்டிலைத் தூக்கி, "எங்க கிணத்துத் தண்ணி, ருசி பாருங்க!" என்றேன். எதிரணியிலிருந்து ரஃபீக் எழுந்து வந்தான். என் தோஸ்த்துதான். அவன் அப்பாவுக்கு அதே கம்பெனியில் வேலை. நாக்கில் ஒரு சொட்டு விட்டான், மூடியை மோந்தான்.

"ஊறுகா பாட்டில்தானே இது? இந்த உப்பு கிணத்துதா, மாங்காயோடதா?"

அரங்கமே குலுங்கிச் சிரித்தது. ஆத்திரமான ஆத்திரம் எனக்கு. ஆனால் அவன் கேட்டதில் தப்பில்லை, அதுதான் பேஜார். விடுவேனா? மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போனேன்.

"பாட்டில் உன்னுதாவே இருக்கட்டும். நீயே வந்து மொண்டு எடு" என்றேன்.

"ஒரே கிணத்த வச்சி இன்னாத்த சொல்லுவே? கம்பெனிக்கு மேக்கால எங்க கிணறு இருக்குது. அதுலயும் எடு."

எங்கள் வீட்டில் இரண்டு அடுப்பு மூட்டினோம். ஒரே பருப்பு, ஒரே அளவு. தண்ணீர் மட்டும் வேறு. அம்மாவை விரட்டிவிட்டு நானே ஊதினேன், மூஞ்சியெல்லாம் கரி. ரஃபீக் வீட்டுத் தண்ணீரில் பருப்பு மசிந்தது. எங்கள் தண்ணீரில் கல்லாகக் கிடந்தது. "ஒரு நாள் பத்தாது" என்றான் பாவி. ஐந்து நாள் வேகவைத்தோம். "முன்னாடி வெந்துச்சான்னு கேக்கணும்" என்று தெருவில் வீடு வீடாக இழுத்துப் போனான். கம்பெனி வரும்வரை நன்றாக வெந்தது என்றுதான் எல்லா வீட்டிலும் சொன்னார்கள்.

ஆறாம் நாள் பஞ்சாயத்துக்கு அவனும் கிளம்பினான்.

"டேய், உங்கப்பா வேலை?"

"அதுக்காக வேகாத பருப்ப வெந்துச்சின்னு சொல்லணுமா?"

நானே மொண்டேன், நானே பார்த்தேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னான். தெருவுக்குக் குழாய் வந்தது. அவன் அப்பாவைக் கம்பெனியில் பத்து நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றிருக்கிறார்கள். என்னிடம் அவன் மூச்சு விடவில்லை, யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

இப்போது அவன் வீட்டுக் கிணறும் உப்பு. போன மாதம் பார்த்தபோது, "எப்பவுமே உப்புதான்னு இன்னிக்கு எவனாவது சொன்னா எதடா காட்டறது?" என்று கேட்டேன். பக்கத்தில் வைத்துக் காட்ட அங்கே ஒரு நல்ல கிணறுகூட இல்லை.

"பார்த்தவங்க ரெண்டு பேர் இருக்கோமே. நீ எழுதி வை" என்றான்.

எழுதிவிட்டேன். ரஃபீக் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வெந்தது. ஐந்து நாளும் வெந்தது. நான் பார்த்தேன்.