தாய் இறாலின் ஒற்றைக் கண்

ஐயா, அம்மா, இதைக் கையிலெடுத்தவர் யாராயினும் முதலில் என் வணக்கம். நான் எழுதப்போவது ஓர் இறாலின் கண்ணைப் பற்றி. இறாலின் கண்ணுக்காக ஒருத்தி இத்தனை தாள் எழுதுவாளா என்று தாங்கள் நகைக்கலாம். நகைத்துவிட்டுப் படியுங்கள். என் முகத்துக்கு நேரே நகைத்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருவரும் நான் கேட்ட கேள்விக்கு விடை சொல்லவில்லை.

நான் மட்டாஞ்சேரியில், வீட்டில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவள். பள்ளியில் கற்றது மலையாள எழுத்து, அதுவும் சில வகுப்புகள் வரைதான். தமிழ் எழுத்தைப் பழைய வார இதழ்களை வைத்துக்கொண்டு நானே எழுத்துக்கூட்டிக் கற்றேன். ஆகவே நடையில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். செய்தியில் பிழை இல்லை.

தோப்பும்படியில் இறால் உரிக்கும் கொட்டகைகள் உண்டு. பீலிங் ஷெட் என்போம். என் உழைக்கும் வயது முழுவதும் அங்கேதான் கழிந்தது. பனிக்கட்டியில் கிடக்கும் இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, முதுகில் ஓடும் கறுப்பு நூலை உருவி எறிய வேண்டும். அந்த நூலை நாங்கள் நரம்பு என்று சொல்வோம். ஈரத் தரையில் நின்று நின்று முழங்கால்கள் கெட்டபின் அந்த வேலை என்னைவிட்டுப் போயிற்று.

அப்போது எனக்கு வேறு வேலை பார்த்துத் தந்தவள் என் தங்கையின் மகள். தங்கை மறைந்தபின் என் வீட்டில் வளர்ந்தவள். மீன்வளப் படிப்புப் படித்தவள். செல்லானம் போகும் கடலோரச் சாலையில் ஓர் இறால் குஞ்சுப் பண்ணையில் அவளுக்குப் பொறுப்பாளர் பதவி கிடைத்திருந்தது. கடலில் பிடித்த பெரிய பெண் இறால்களைத் தொட்டியில் வைத்து முட்டையிடச் செய்து, குஞ்சுகளை வளர்ப்போருக்கு விற்கும் இடம் அது. கணவாய் மீனையும் மட்டிச் சதையையும் பொடியாக நறுக்கித் தாய் இறால்களுக்கு இடுவது என் வேலையாயிற்று.

அதுவரை நான் உயிருள்ள இறாலை நின்று பார்த்ததே இல்லை என்றால் நம்புவீர்களா? என் கைக்கு வந்ததெல்லாம் பிணம். பண்ணையில் கறுப்புத் திரை போட்ட அறையில், வட்டமான கறுப்புத் தொட்டிகளில் அவை நடமாடின. தீனியை நான் போடுவதற்கு முன்பே, கணவாய் அறுத்த விரலை நீரில் நனைத்த மாத்திரத்தில், தலையின் முன்னாலுள்ள சிறு கொம்புகள் படபடவென்று துடிக்கும். நீரில் கரைந்த வாசனையை அவை அப்படித்தான் பிடிக்கின்றன என்றாள் மகள். நீண்ட மீசைகள் தொட்டியின் சுவரைத் தடவிக்கொண்டே வரும். தீனியைக் காலால் தொட்டவுடனேயே அதன் சுவை தெரிந்துவிடுமாம். சிறு கொம்புகளின் அடியில் நுண்ணிய குழி ஒன்று உண்டென்றும், அதற்குள் கிடக்கும் மணல்துகள் எப்பக்கம் சாய்கிறதோ அதைக்கொண்டு மேல் எது கீழ் எது என்று அறிகின்றன என்றும், ஓடு கழற்றும்போது மணலும் போய்விடுவதால் புதிய மணலை அவையே எடுத்து வைத்துக்கொள்கின்றன என்றும் சொன்னாள். கேட்டுக்கொண்டே தீனி போட மறந்து நின்றேன்.

ஒரு நாள் செத்துப்போன இறால் ஒன்றைக் கீறி, பூதக்கண்ணாடியின் கீழ் எனக்குக் காட்டினாள். கண்களுக்கு நடுவே சிறு மூளை. அங்கிருந்து தொண்டைக்குழலைச் சுற்றி ஒரு நரம்பு வளையம். பிறகு வயிற்றுப் பக்கமாக, வாலின் நுனிவரை ஒரு வெள்ளை வடம். உடலின் ஒவ்வொரு கண்டத்திலும் ஒரு முடிச்சு.

“அப்போ நாங்க முதுகிலேர்ந்து உருவின நரம்பு?” என்று கேட்டேன்.

“அது குடல், பெரியம்மா. உள்ளே இருக்கிறது அதோட பீ.” அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இத்தனை காலமா குடலை உருவிட்டு நரம்புன்னு சொல்லிட்டிருந்தீங்களா?”

“உருவாம விட்டதையும் வீட்டுல வறுத்துக் கொடுத்திருக்கேன். நீ நல்லாருக்குன்னு தின்னியே, மோளே.”

அந்த நாளை நான் மறக்கவில்லை. ஒரு சிறு உயிருக்குள் இத்தனை ஏற்பாடு என்று அவள் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியையும் மறக்கவில்லை. அதனால்தான் பிறகு நடந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

தாய் இறால்கள் சினைப்படவில்லை. முதலாளி வந்து தொட்டிகளை எட்டிப் பார்த்தார். அவர் மலையாளி, எங்களிடம் பேசும்போது தமிழும் மலையாளமும் கலந்து வரும்.

“இதுவரை கண்ணு எடுத்தில்லே?” என்றார்.

“நாளைக்கு எடுத்துடறேன், முதலாளி,” என்றாள் மகள்.

எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் விளக்கினாள். இறாலின் கண் ஒரு தண்டின் நுனியில் இருக்கிறது. அந்தத் தண்டுக்குள் ஒரு சுரப்பி. “இப்போது வேண்டாம், காலம் சரியில்லை” என்று உடலுக்குச் சொல்லி, முட்டை முதிராமல் தடுத்து வைப்பது அதன் சுரப்பு. கடலில் காலம் கூடும்போது தடை தானாகத் தளரும். தொட்டியில் அடைபட்ட இறாலுக்கு அந்தத் தடை எளிதில் தளர்வதில்லை. ஆகவே மனிதர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: ஒரு கண்ணைத் தண்டோடு நசுக்கிச் சுட்டுவிடுவது. பாதித் தடை போய்விடும். சில நாட்களில் முட்டை முதிர்ந்துவிடும். எங்கள் பண்ணையில் மட்டும் நடப்பதல்ல இது. தொழிலில் இது வழக்கம்.

இதற்கு இருவர் வேண்டும். ஒருவர் ஈரத்துணியில் இறாலைப் பிடிக்க, மற்றவர் சூடேற்றிய இடுக்கியால் தண்டைக் கவ்வ வேண்டும். “சும்மா பிடிச்சா போதும், பெரியம்மா,” என்று துணியை என் கையில் தந்தாள். பிடித்தேன். இடுக்கி பட்டதும் அந்த உடல் வில்லாக வளைந்து, வால் என் உள்ளங்கையில் ஓங்கி அடித்தது. இத்தனை காலம் இறால் பிடித்த கை என்னுடையது. இறாலுக்கு இவ்வளவு பலம் உண்டென்று அந்தக் கைக்குத் தெரியாது.

தொட்டியில் விட்டதும் அது ஒரு பக்கமாகவே சுற்றிச் சுற்றி நீந்தியது. பிறகு அடியில் அமர்ந்து, முன்காலைத் தூக்கிக் கண் இருந்த இடத்தைத் தடவியது. விட்டுவிட்டு மறுபடி தடவியது. நான் போட்ட கணவாயை அது தொடவில்லை.

“வலிக்குதா மோளே அதுக்கு?”

“வலிக்காது.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“சரி, தெரியாது. யாருக்கும் உறுதியாத் தெரியாது. அது வெறும் அனிச்சையா இருக்கலாம். டாக்டர் தட்டினா முழங்கால் எகிறுதில்லே, அது மாதிரி.”

“எகிறின முழங்காலை நான் உட்கார்ந்து தடவிக்கிட்டே இருப்பேனா?”

“உங்க முழங்காலுக்கு அதைத்தானே செய்றீங்க, பெரியம்மா.”

வேறொரு நாளாயிருந்தால் சிரித்திருப்பேன். அன்று என் உடம்பு எரிந்தது. வாசனை அறியும், சுவை அறியும், மேல் கீழ் அறியும், இருட்டில் சுவரை அறியும் என்று எனக்குச் சொன்ன அதே வாய், சுட்ட இடுக்கியை மட்டும் அது அறியாமல் இருக்கலாம் என்கிறது! வியக்க வேண்டிய நேரத்தில் மூளை, வளையம், வடம், முடிச்சு எல்லாம் இருந்தன. சுட வேண்டிய நேரத்தில் எங்கே போயின? தெரியாது என்பது நேர்மையான சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் தெரியாதவன் கையை அல்லவா பின்னுக்கு இழுக்க வேண்டும்? இருட்டில் கிடப்பது கயிறா குழந்தையின் காலா என்று தெரியாதபோது யாராவது மிதித்துப் பார்ப்பார்களா? இங்கே மட்டும் ஐயத்தின் பலன் முழுவதும் இடுக்கிக்கே போகிறது.

அடுத்த இறாலை நான் பிடிக்க மாட்டேன் என்று துணியைக் கீழே வைத்தேன். முதலாளி அன்றும் வந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“சேச்சி எத்தனை லட்சம் தலை கிள்ளிய கையாணு இது! இப்போ ஒரு கண்ணுக்குக் கருணையோ?”

“கொன்னு தின்றவதான் நான், முதலாளி. நேத்தும் தின்னேன், நாளைக்கும் தின்பேன். உயிரோட வெச்சுக் கண்ணைச் சுட்டுட்டு, இப்போ முட்டை போடுன்னு எந்த இறாலையும் நான் கேட்டதில்லை. செஞ்சுதான் ஆகணும்னா மரத்துப்போற மருந்தாவது போடக் கூடாதா?”

“கேட்டோ? இனி செம்மீனுக்குப் பல் டாக்டரையும் வரவழைக்கணும்!” என்றார். இறாலை அவர் செம்மீன் என்பார். தொட்டிகளுக்கு நீர் இறைக்கும் பம்புக்காரரும் மற்ற வேலைக்காரர்களும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை; என்னைப் பார்க்கவும் இல்லை. பம்புக்காரரைப் பிடிக்கச் சொல்லி மீதி இறால்களை முடித்தாள். ஒரு தொட்டியை மட்டும் மறுநாளைக்கு விட்டுவைத்தாள்.

திரும்பும் பேருந்தில் வெடித்தாள். “எல்லார் முன்னாலயும் என்னைக் கொலைகாரி ஆக்கியாச்சு. பெரியம்மா பிடிக்கலைன்னா வேற ஆள் பிடிக்கும். தாய் முட்டையிடலைன்னா அடுத்த மாசம் இந்தப் பொறுப்புல நான் இருப்பேனா? வேற பண்ணைக்காரன் என்னைக் கூப்பிடுவானா?”

“உன் வேலை போகணும்னு நான் சொல்லலை. அதோட கண்ணு போகக் கூடாதுன்னு சொல்றேன்.”

“இப்போதைக்கு ரெண்டும் ஒண்ணுதான்,” என்றாள்.

அது பொய்யல்ல. இந்த உலகம் அப்படித்தான் அவளை நிறுத்தியிருந்தது: அவளுடைய சோறு ஒரு பக்கம், அந்தக் கண் மறுபக்கம். அவளை அங்கே நிறுத்தியவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்றுவரை தணியவில்லை.

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் பண்ணைக்குப் போனதும் முதலாளியிடம், மிச்சமிருந்த அந்தத் தொட்டியின் இறால்களை அடுத்த அமாவாசைவரை கண் எடுக்காமல் விட்டுப் பார்க்கத் தன் பொறுப்பில் அனுமதி கேட்டாள். முகத்தைச் சுளித்துக்கொண்டே தந்தார். அந்தத் தொட்டிக்கு வெளிச்சத்தைக் குறைத்தோம். அருகில் ஒருவரையும் சத்தமிட விடவில்லை. நல்ல தீனியாகப் பொறுக்கி இட்டேன். நாட்கள் போயின. ஒரு பிற்பகல் மங்கிய விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, ஓர் இறாலின் முதுகோடு கரும்பச்சையாக ஒரு நிழல் தெரிந்தது. சினை! மகள் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கண்ணும் இருந்த இறால், தானாகச் சினைப்பட்டிருந்தது. பிறகு இன்னும் சில.

ஆனால் கண் எடுத்த தொட்டிகளில் முட்டையிட்டவை இதைவிட அதிகம், விரைவும் கூட. முதலாளி இரண்டையும் பார்த்துவிட்டு, “நடக்கும். பக்ஷே குறைவு, தாமதம்,” என்றார். அதோடு தீர்ந்தது. அந்தத் தொட்டிக்கும் இடுக்கி வந்தது.

இதைத்தான் தாங்கள் கவனிக்க வேண்டும். முடியாது என்று அவர் சொல்லவில்லை. முடியும் என்று கண்ணால் கண்ட பிறகுதான் குறைவு, தாமதம் என்றார். வேறு வழியே இல்லாமல் செய்கிறோம் என்றால் தலைகுனிந்து கேட்டிருப்பேன். கொஞ்சம் குறைவு, கொஞ்சம் தாமதம்; அதற்காக ஒவ்வொரு தாயின் கண்ணிலும் சூடு! இதை வழக்கம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்களே, அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு நாக்கு கசக்கிறது. மறுநாளிலிருந்து நான் பண்ணைக்குப் போகவில்லை. மகள் போனாள். அவள் போகத்தான் வேண்டியிருந்தது. வீட்டில் இறாலைப் பற்றிப் பேசுவதை இருவரும் நிறுத்திவிட்டோம்.

சென்ற வாரம் மாலையில் வந்தவள், பையை ஆணியில் மாட்டிவிட்டு, நான் கொடுத்த சாயாவைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“இன்னிக்கு மருந்து போட்டேன், பெரியம்மா. மரத்துப்போறது. யாரையும் கேட்கலை. கண்ணுத்தண்டுல தடவிட்டுக் கொஞ்சம் பொறுத்துச் செஞ்சேன்.”

“அப்புறம்?”

“வாலை அடிக்கலை. தடவவும் இல்லை. விட்டதும் நேரா நீந்திப் போய்த் தீனி எடுத்துச்சு.”

“அப்படின்னா இத்தனை நாளா வாலை அடிச்சது எதுக்கு?”

“இதையும் நிரூபணம்னு சொல்ல முடியாது, பெரியம்மா. மருந்து வெறும் அசைவையும்கூட நிறுத்தலாம்,” என்றாள். சாயாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் சொன்னதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். அறிந்தவர்கள் இன்னும் ஐயப்படட்டும்; ஆராயட்டும். அதுவரை சுடுகிற கை ஓயாமல் சுட்டுக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மருந்தும் அவள் யாருக்கும் தெரியாமல் செய்கிற காரியமாகத்தான் இருக்கிறது. ஒரு நாள் அவள் அந்தப் பொறுப்பில் இல்லாமற்போனால் அதுவும் இருக்காது.

ஐயா, அம்மா, இதைத் தாங்கள் நம்ப வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. படித்தபின் கிழித்து எறியாமல் எங்காவது பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டால் எடுத்துக் காட்டலாம். அதுதான் என் வேண்டுகோள்.