முளைத்த முடியும் நேர்ந்த முடியும்

நான்கு வருடத்துக்கு முன்பு, ராமநாதபுரத்தில் கல்லூரியில் சேர்ந்த புதிதில், என் மகளுக்குத் தலையில் வட்டமாக முடி கொட்டியது. புழுவெட்டு என்று சின்ன வெங்காயத்தைத் தேய்த்துவிட்டேன். ஆறே மாதத்தில் தலையில் ஒரு முடி மிச்சமில்லை, புருவமும் போயிற்று. அவள் வகுப்புக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். திருப்புல்லாணிப் பக்கம் உள்ள எங்கள் குலதெய்வத்திடம் போய், "இவளுக்கு முடி வளரட்டும், அதை உனக்கே இறக்கிடுறேன்" என்று நேர்ந்துகொண்டேன். என்ன புத்தியோ!

பிறகு மதுரையில் ஒரு தோல் டாக்டரிடம் காட்டினோம். புழுவும் இல்லை பூச்சியும் இல்லை, உடம்பின் எதிர்ப்பு அணுக்களே ஆள் தெரியாமல் மயிர்க்காலைத் தாக்குகின்றன, அடுத்தவருக்கு ஒட்டாது என்றார். "வேர் சாகலம்மா, தூங்குது. இதுக்கு இப்பத்தான் புதுசா மாத்திரை வந்திருக்கு." எல்லாருக்கும் கேட்காது, அடிக்கடி ரத்தம் சோதிக்கணும், நிறுத்தினால் மறுபடி கொட்டலாம் என்றும் சொன்னார்.

மாத்திரை ஆரம்பித்த நாலாவது மாதம் பூனைமுடி மாதிரி வெள்ளையாகத் துளிர்த்தது. அப்புறம் கறுத்து, ஒன்றரை வருடத்தில் கழுத்தைத் தொட்டது. அவளும் திரும்பக் கல்லூரிக்குப் போனாள்.

போன வருடம் ஆடியில் கோயிலுக்குக் கூட்டிப்போய், முடி இறக்குபவர் முன்னால் வைத்துத்தான் வேண்டுதலைச் சொன்னேன். அவள் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள்.

"நேரும்போது என்னைய ஒரு வார்த்தை கேட்டியா? திரும்ப வளரலைன்னா என்னம்மா செய்வ?"

"சாமி குத்தம் ஆயிரும்டி" என்று கத்தினேன். அவள் கண்ணைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. நேர்ந்தது நான்தானே? என் கொண்டையை அவிழ்த்துவிட்டு நானே உட்கார்ந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். "எந்தச் சாமிக்கு வேண்டுதல்?" என்று ஆளாளுக்கு மரியாதையாக விசாரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள் சொன்னாள்: "எனக்கும் அப்ப இதே மொட்டைதாம்மா. என்கிட்ட ஒட்டிக்குமான்னுதான் கேட்டாக."

அவள் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. ஒட்டாது என்று டாக்டர் அவ்வளவு சொன்ன பிறகும், புதுமுடி முளைத்தபோது அவளுக்குத் தனிச் சீப்பு வாங்கி வைத்தவள் நான். இப்போது எனக்கும் முடி வளர்ந்துவிட்டது. அவள் சீப்பை எடுத்துத்தான் வாருகிறேன், எடுக்கும்போதெல்லாம் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.